கியர் பாக்ஸ் பக்கம் ஒழுகுது, இன்னா பண்றது? – வாசகர் கேள்வி, வண்டி பதில்

போன இதழ்ல கிளட்ச் பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே கேள்விதான், கியர் பாக்ஸ் பக்கம் ஏதோ ஒழுகுது. அதனால டயர், பேட்டரி கேள்வியெல்லாம் அடுத்த வாட்டி. அனுப்புனவங்க பேரு போடல, ஏரியா மட்டும்தான்.

தண்டையார்பேட்டை வாசகர்: அண்ணே, 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். காலைல வண்டிய நகத்துனா தரையில ரூபா நாணயம் சைசுக்கு எண்ணெய் கறை. தெரு மெக்கானிக் கீழ படுத்துப் பாத்துட்டு கியர் பாக்ஸ் இறக்கணும், உள்ள சீல் போயிருக்கு, அப்படியே கிளட்ச் செட்டும் மாத்திடலாம், 18 ஆயிரம் ஆகும்ங்கறாரு. கிளட்ச் நல்லாத்தான் இருக்கு. இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீங்க. மெக்கானிக் ஏமாத்துறாருன்னு நான் சொல்லல, ஆனா கீழ படுத்து ஒரு தடவ எட்டிப் பார்த்தா எல்லா ஒழுகலும் கியர் பாக்ஸ் ஒழுகலாத்தான் தெரியும். ஏன்னா உங்க மாதிரி வண்டில எஞ்சினும் கியர் பாக்ஸும் குறுக்கால ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு, மேல எங்க கசிஞ்சாலும் வழிஞ்சு வழிஞ்சு அந்த ரெண்டும் சேர்ற இடத்துக்குக் கீழ வந்துதான் சொட்டும், வண்டி ஓடும்போது காத்து வேற அதைப் பின்பக்கமா இழுத்து அடிச்சிடும். சொட்டுற இடம் ஒன்னு, கசியிற இடம் வேற.

மொதல்ல ஒழுகுறது இன்னா எண்ணெய்னு கண்டுபிடிங்க, அதுக்குக் காசே ஆகாது. ராத்திரி வண்டிய சமமான தரையில நிறுத்திட்டு அடியில ஒரு பெரிய வெள்ளை சார்ட் பேப்பரையோ அட்டைப்பெட்டியப் பிரிச்சோ விரிச்சு வையுங்க, அது மேல முன்சக்கரம் ரெண்டும் எங்க இருக்குன்னு பேனாவால குறிச்சிடுங்க. காலைல கறையத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்க. கருப்பாவோ பழுப்பாவோ இருந்தா எஞ்சின் ஆயில். அதைவிடக் கெட்டியா, விரல்ல வழவழன்னு, மூக்குகிட்ட கொண்டு போனாலே கந்தக வாடை அடிச்சா கியர் ஆயில், அந்த வாடை ஒரு தடவ பழகிட்டா மறக்காது. தண்ணி மாதிரி லேசா, லைட் மஞ்சளா இருந்தா பிரேக் ஆயில், ஒயர் இல்லாம ஆயில்ல வேலை செய்யிற கிளட்ச்சுன்னா அதுக்கும் அதே ஆயில்தான். பச்சையோ ரோஸோ, இனிப்பான வாடைன்னா கூலன்ட். ஆட்டோமேட்டிக் வண்டி ஆயிலும் சில பவர் ஸ்டியரிங் ஆயிலும் சிவப்பா இருக்கும். வெறும் தண்ணின்னா ஏசி தண்ணி, போய் டீ குடிங்க.

இன்னொரு கேள்வி, சமீபத்துல சர்வீஸ் விட்டீங்களா? ஃபில்டர் கழட்டும்போது கொட்டுன ஆயில் கியர் பாக்ஸ் மேல தேங்கி நின்னு நாள் கணக்கா சொட்டும். டிரெய்ன் போல்ட்டுக்குப் பழைய வாஷரையே திரும்பப் போட்டிருந்தாலும் கசியும், அது அம்பது நூறு ரூபா வேலை. கியர் ஆயில் அளவுக்கு மேல ஊத்திட்டாலும் ப்ரீதர் வழியா, அதாவது கியர் பாக்ஸ் மேல காத்து போய் வர்ற ஓட்டை வழியா, வெளிய துப்பும்.

அதுக்கப்புறம்தான் தேடுறது. எஞ்சின் ஆறினதும் அந்தப் பக்கத்த டிகிரீசர் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு சுத்தமா கழுவுங்க, ஆல்டர்னேட்டர் மேலயும் வயர் கப்ளர் மேலயும் தண்ணி பீச்சாதீங்க. இதைத்தான் முக்கால்வாசிப் பேரு செய்யறதில்ல, அழுக்கோட பார்த்து அழுக்கையே குத்தம் சொல்றாங்க. அதுவும் எண்ணூர், மணலி, அத்திப்பட்டு பக்கம் ஓடுற வண்டின்னா சாம்பலும் தூசியும் எண்ணெயோட சேர்ந்து கெட்டியா அப்பிக்கும், எங்க புதுசு எங்க பழசுன்னே தெரியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்து வந்துச்சே, அந்தத் தண்ணில நின்ன வண்டிங்கள்ல அடிப்பாகம் பூரா எண்ணெய் ஒட்டியிருந்தா அது ஒழுகலே இல்ல, வெளிய இருந்து வந்தது. கழுவி நல்லாக் காஞ்சதும் சந்தேகப்படுற இடத்துல லேசா முகப்பவுடர் தூவிட்டு ஒரு 20, 30 கிலோமீட்டர் ஓட்டுங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி முக்கி முக்கிப் போனாலும் சரி, எஞ்சின் நல்லா சூடாகணும், அவ்வளவுதான். வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க, பவுடர் நனைஞ்சிருக்குற இடத்துலயே உச்சி எதுவோ அங்கதான் கசியுது. மேல இருந்து கீழ பார்க்கணும், கீழ இருந்து மேல இல்ல.

எஞ்சின் ஆயில்னு தெரிஞ்சா மொத சந்தேகம் டேப்பட் கவர், அதாவது எஞ்சின் தலை மூடியோட பேக்கிங், அது வயசானா கல்லு மாதிரி இறுகிப் போய் பின்பக்கம் வழிய விடும், அந்த எண்ணெய் நேரா கியர் பாக்ஸ் மேலதான் வந்து உக்காரும். அடுத்து கேம் ஷாஃப்ட் ஓரத்துல இருக்குற ஓ ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், எஞ்சின் அடியில ஆயில் நிக்கிற சம்ப்போட ஜாயின்ட். இது எதுக்கும் கியர் பாக்ஸ் இறக்கத் தேவையில்ல. இது எல்லாமே காஞ்சு கிடக்கு, கிளட்ச் உக்கார்ற கூடு, அதாவது பெல் ஹவுசிங் அடியில எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ற இடைவெளில இருந்து மட்டும்தான் சொட்டுதுன்னா அப்போதான் உங்க மெக்கானிக் சொல்றது சரி. அந்த இடத்துலயும் ரெண்டு சீல் உண்டு. கருப்பு எண்ணெய்னா எஞ்சின் கிராங்க் பின் சீல், கந்தக வாடைன்னா கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். கிராங்க் சீல்னா இறக்குறதுக்கு முன்னாடி எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவ வெளிய விடுற பிசிவி வால்வு அடைச்சிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க, அது அடைச்சா எஞ்சினுக்குள்ள பிரஷர் ஏறி எண்ணெய வெளிய தள்ளும், அப்படியே விட்டுட்டு புது சீல் போட்டா அதையும் தள்ளிடும்.

இறக்கித்தான் ஆகணும்னா ரெண்டு சீலையும் மாத்திடுங்க, ஒன்னு மட்டும் மாத்தி மிச்சம் புடிக்காதீங்க, சீல் விலை கம்மி, இறக்கி ஏத்துற கூலிதான் ஜாஸ்தி. கிளட்ச் பிளேட்ட கையில வாங்கிப் பாருங்க. எண்ணெய் ஏறியிருந்தா மாத்தியே ஆகணும், பெட்ரோல்ல கழுவிப் போட்டுக்கலாம்னு சொன்னா ஒத்துக்காதீங்க, சூடாக சூடாக உள்ள ஊறுன எண்ணெய் திரும்ப வெளிய வந்து வழுக்கும். காஞ்சு கனமா இருந்தா பிளேட்ட விட்டுட்டு ரிலீஸ் பேரிங் மட்டும் மாத்துங்க. 18 ஆயிரத்துல எவ்வளவு கூலி, எவ்வளவு சாமான்னு தனித்தனியா எழுதி வாங்கினப்புறம் முடிவு பண்ணுங்க.

வியாசர்பாடி வாசகர், கால் டாக்ஸி ஓட்டுறவர்: தலைவரே, எனக்கு கியர் ஆயில்தான் ஒழுகுது, இடது ஆக்ஸில், அதான் சக்கரத்த சுத்துற ஷாஃப்ட், கியர் பாக்ஸுக்குள்ள போற இடத்துல. சீல் மாத்தியாச்சு, ரெண்டே மாசத்துல மறுபடியும். திரும்பவும் மாத்தியாச்சு, திரும்பவும் ஒழுகுது. சீலே டூப்ளிகேட்டா?

சீல் டூப்ளிகேட்டாவும் இருக்கலாம், ஜி.பி. ரோட்டுல ஒரே நம்பர் போட்டு மூணு விலையில கிடைக்கும், ரப்பர் தரம் கையில தொட்டாலே தெரியும். ஆனா ரெண்டு தடவ போச்சுன்னா நான் சீல விட்டுட்டு அது உரசுற ஷாஃப்ட்டத்தான் மொதல்ல பார்ப்பேன். ஆக்ஸில கழட்டினதும் சீல் உதடு உக்கார்ற இடத்துல நகத்தை வச்சு குறுக்கால இழுங்க, நகம் தட்டுச்சுன்னா அங்க பள்ளம் விழுந்திருக்கு, லட்சம் கிலோமீட்டர் தாண்டின டாக்ஸில இது சகஜம். எத்தன புது சீல் போட்டாலும் அதே பள்ளத்துலதான் உக்காரும், ஒழுகும். அதுக்கு மெல்லிசா ஒரு ஸ்லீவ் கிடைக்கும், ஷாஃப்ட் மேல ஏத்திடலாம், இல்லன்னா ஹவுசிங்ல எடம் இருந்தா சீல ஒரு மில்லிமீட்டர் முன்ன பின்ன உக்கார வச்சு உதடு புது எடத்துல உரசுற மாதிரி பண்ணுவாங்க. ரெண்டுமே முடியலன்னா ஷாஃப்ட் மாத்தணும், புதுப்பேட்டைல பழசு எடுக்குறீங்கன்னா அதே நகத்தை அங்கயும் வச்சுப் பாருங்க.

ஷாஃப்ட் நல்லாருக்குன்னா மாட்டுன விதம். சுத்தியலால ஒரு பக்கமா தட்டித் தட்டி உள்ள ஏத்துனா சீல் கோணலா உக்காரும், அதோட வெளிவட்டம் அளவுக்கு சரியான பைப் துண்டோ பெரிய சாக்கெட்டோ வச்சு சுத்தி சமமா இறக்கணும். உதட்டுல கொஞ்சம் கியர் ஆயில் தடவாம காஞ்சபடி போட்டா மொத சுத்துலயே சூடாகி கருகும். ஆக்ஸில உள்ள விடும்போது பல்லு முனை சீல் உதட்டக் கிழிச்சிடும், அதுக்கு ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவர சுத்தி விட்டுட்டு கடைசி நேரத்துல உருவிடுவாங்க நல்ல கையுங்க. ஆக்ஸில் நுனில ஒரு லாக் வளையம் இருக்கும், புதுசு போட்டு டக்குன்னு சத்தம் வர வரைக்கும் தள்ளணும், வரலன்னா பாதிதான் போயிருக்குன்னு அர்த்தம்.

இன்னும் ரெண்டு. ஆக்ஸில் உள்ள இருக்கும்போதே கையில புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ரொம்ப ஆடுச்சுன்னா உள்ள டிஃபரன்ஷியல் பேரிங் தேஞ்சிருக்கு, அப்போ சீல் பாவம், அது மேல பழி போட்டுப் பிரயோஜனமில்ல. இன்னொன்னு யாருமே பார்க்காதது, கியர் பாக்ஸ் தலையில இருக்குற ப்ரீதர் மூடி. வண்டி சூடாகும்போது உள்ள இருக்குற காத்து விரியும், வெளிய போக வழி இல்லாம சேறு அடைச்சிருந்தா சீல் வழியாத்தான் தள்ளும். நம்ம பக்கம் வருஷா வருஷம் மழைத் தண்ணில நீந்துற வண்டிங்களுக்கு இது அடைக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். கழட்டி ஊதிப் பாருங்க, செலவே இல்ல.

வேலை செய்யும்போது ஒரே ஒரு கண்டிப்பு, கியர் ஆயில் வடிக்கிறதுக்கு முன்னாடி ஊத்துற போல்ட்ட மொதல்ல கழட்டிப் பாருங்க. வடிச்சு முடிச்சப்புறம் ஊத்துற போல்ட் துருப்பிடிச்சுத் திரும்பலன்னா வண்டி அங்கயே நிக்கும். ஊத்தும்போது சமமான தரையில அந்த ஓட்டையோட கீழ் விளிம்பு வரைக்கும் வந்து லேசா வழியணும், சின்ன கார்ல பெரும்பாலும் 2 லிட்டர் சுத்துலதான் புடிக்கும், புக்ல சரியான அளவு இருக்கு. கிரேடும் புக்ல போட்டதுதான், ஜி.எல். 4 கேக்குற கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 5 இன்னும் பவரானதுன்னு கடைக்காரர் குடுத்தா வேணாம்னுடுங்க, அதுல இருக்குற கந்தக மருந்து கூடுதல், உள்ள கியர் ஈஸியா விழ உதவுற பித்தளை சிங்க்ரோ ரிங்க அரிக்கும். வடிச்ச பழைய ஆயில ஓட்டேரி நல்லாலயோ பக்கிங்காம் கால்வாய்லயோ ஊத்தாதீங்க, கேன்ல புடிச்சு வச்சா பழைய ஆயில் எடுக்குறவங்க காசு குடுத்தே வாங்கிப்பாங்க.

தெருவுல ஜாக்கி போட்டு படுக்குறவங்களுக்கும் சேத்து சொல்றேன், ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்டு இல்லன்னா வாடகைக்கு எடுங்க, ஹாலோ பிளாக் கல்லு முட்டு குடுக்குறது தற்கொலை, அது சொல்லாம உடையும்.

திருவொற்றியூர் வாசகி: அண்ணா, கிளட்ச் பெடல் அப்பப்போ உள்ள போயிட்டு மெதுவா திரும்புது, கியர் விழ மாட்டேங்குது. பிரேக் ஆயில் டப்பாலயும் லெவல் குறையுது. கியர் பாக்ஸ் கிட்ட ஈரமா இருக்கு. பிரேக் புடிக்குது. ஓட்டலாமாண்ணா?

ஓட்டாதீங்கம்மா. உங்க வண்டில கிளட்ச் ஒயர் இல்ல, ஆயில் பிரஷர்ல வேலை செய்யிற ஹைட்ராலிக் கிளட்ச். நெறைய வண்டில பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பாதான், ஆனா கிளட்ச்சுக்குப் போற குழாய் கொஞ்சம் மேல வச்சிருப்பாங்க, லெவல் இறங்குனா மொதல்ல கிளட்ச் காத்து வாங்கும், பிரேக்குக்கு மிச்சம் இருக்கும். இப்போ பிரேக் புடிக்குதுன்னு தைரியமா இருக்காதீங்க. கிளட்ச்ச தள்ளுற ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு வெளிய போல்ட் போட்டதுன்னா ரப்பர் தொப்பிய லேசா விலக்கிப் பார்த்தாலே உள்ள ஈரம் தெரியும், ஒரு மணி நேர வேலை. ரிலீஸ் பேரிங்கோட சேர்ந்து உள்ளயே இருக்குற மாடல்னா மட்டும் கியர் பாக்ஸ் இறக்கணும். பெடலுக்கு மேல, கால் வைக்கிற இடத்துல கார்பெட்டையும் தொட்டுப் பாருங்க, மேல இருக்குற மாஸ்டர் சிலிண்டர் போயிருந்தா அங்க வழியும். மாத்தினதும் காத்து எடுக்கணும், மூடில போட்டிருக்குற டாட் 3 இல்ல டாட் 4 எதுவோ அதுதான் ஊத்தணும், எஞ்சின் ஆயில ஊத்திட்டா அத்தன ரப்பரும் ஊதிப் போயிடும். பிரேக் ஆயில் பெயிண்ட்ட உரிக்கும், பாடில பட்டா உடனே தண்ணி ஊத்திடுங்க.

புளியந்தோப்பு வாசகர்: மழையில சப்வே தண்ணில மாட்டி எஞ்சின் நின்னுடுச்சு, தள்ளிக்கிட்டு வந்தோம். எஞ்சின் ஆயில் மாத்தியாச்சு, வண்டி ஓடுது. இப்போ கியர் பாக்ஸ் கிட்ட பால் கலந்த காப்பி கலர்ல ஏதோ கசியுது.

அது கியர் ஆயிலும் தண்ணியும் கலந்தது. பெரம்பூர், கணேசபுரம் சப்வேல மாட்டுனவங்க எஞ்சின் ஆயில மட்டும் மாத்திட்டு வந்துடுறாங்க, கியர் பாக்ஸ் ஞாபகமே வர்றதில்ல. சூடா ஓடிக்கிட்டிருக்குற கியர் பாக்ஸ் திடீர்னு குளிர்ந்த தண்ணில இறங்குனா உள்ள இருக்குற காத்து சுருங்கும், அந்த இழுப்புல ப்ரீதர் வழியா, சீல் ஓரமா தண்ணிய உறிஞ்சிக்கும். அந்தக் கலவைக்கு பல்லுக்கு நடுவுல எண்ணெய்ப் படலம் நிக்க வைக்கிற சக்தி கிடையாது, பேரிங் துரு புடிச்சு கொஞ்ச நாள்ல ஊளைச் சத்தம் வரும். இன்னைக்கே வடிங்க, புதுசு ஊத்தி சும்மா ஒரு 50 கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் வடிங்க, ரெண்டாவது தடவயும் வெளுப்பா வந்தா மூணாவது ரவுண்டு. ரெண்டு ஆயில் காசு பாக்குறவங்க கியர் பாக்ஸ் காச யோசிங்க. ஆக்ஸில் பூட் கிழிஞ்சிருக்கான்னும் பாத்துடுங்க, தண்ணி அங்கயும் போயிருக்கும்.

காசிமேடு வாசகர்: குட்டி யானை வச்சிருக்கேன், மீன் லோடு. கியர் பாக்ஸ் பின்பக்கம், நீள ஷாஃப்ட் வந்து சேர்ற இடத்துல எண்ணெய் தெறிச்சு மேல ஃப்ளோர் எல்லாம் அப்பியிருக்கு.

பின் சீல். ஷாஃப்ட் சுத்துறதால வட்டமா தெறிக்குது, அதனால பார்க்க பயங்கரமா இருக்கும், ஒழுகுறது கம்மியாத்தான் இருக்கும். உங்களுக்கு உப்புத் தண்ணிதான் எதிரி. ஐஸ் கரைஞ்சு வழியிற தண்ணி நேரா அடியில விழுது, கடல் காத்து வேற, சீல் உதடு உரசுற இரும்பு மேல துரு புள்ளி புள்ளியா வந்து உப்புக்காகிதம் மாதிரி ரப்பர அறுக்குது. லேத் பட்டறைல குடுத்து அந்த இடத்த பாலிஷ் பண்ணி சீல் மாத்துங்க, கிராஸ் பேரிங்கையும் அப்படியே ஆட்டிப் பாருங்க, அது லூஸானா ஷாஃப்ட் குலுங்கி சீல தின்னும். லோடு இறக்கினதும் தினமும் அடியில நல்ல தண்ணி அடிச்சு விடுங்க.

கொளத்தூர் வாசகர்: ஆட்டோமேட்டிக் கார், சிவப்பு ஆயில் லேசா கசியுது. ஒழுகலை நிறுத்துற பாட்டில் மருந்து கடையில கிடைக்குதே, ஊத்தலாமா?

ஆட்டோமேட்டிக்ல வேணவே வேணாம். அந்த மருந்து ரப்பர ஊத வச்சு அடைக்குது, கசியிற சீல மட்டும் இல்ல, உள்ள நல்லா இருக்குற சீலையும் சேத்து ஊத வைக்கும். அடியில ஆயில் நிக்கிற பானோட பேக்கிங், கூலர் பைப் ஜாயின்ட் இந்த ரெண்டையும் மொதல்ல பாக்கச் சொல்லுங்க, வெளிய இருந்தே சரி பண்ற வேலை. நெறைய புது வண்டில டிப் ஸ்டிக்கே இருக்காது, ஆயில் குறிப்பிட்ட சூட்டுல இருக்கும்போதுதான் லெவல் பார்க்கணும், அதனால கண் மதிப்புல டாப் அப் பண்ணாதீங்க. சிவிடி, அதாவது பல்லு கியருக்குப் பதிலா பெல்ட்ல ஓடுற ஆட்டோமேட்டிக்னா அதுக்குன்னு இருக்குற ஆயில், சாதா சிவப்பு ஆயில் ஆகாது.

ராயபுரம் வாசகர்: ஆக்ஸில் சீல் திங்கக்கிழமைதான் வரும்ங்கறாங்க. ஞாயித்துக்கிழமை பொன்னேரில கல்யாணம். கியர் ஆயில் கசிவுதான், போய்ட்டு வரலாமா?

போய்ட்டு வரலாம், சனிக்கிழமை ஊத்துற போல்ட்டக் கழட்டி லெவல் விளிம்பு வரைக்கும் இருக்குற மாதிரி பண்ணிட்டுப் போங்க. ராத்திரி முழுக்க சொட்டு சொட்டா விழுந்தா பரவால்ல, வண்டி நின்ன இடத்துல குட்டை மாதிரி தேங்குனாலோ, ஓட்டும்போது கியர்ல ஊளைச் சத்தம் வந்தாலோ எடுக்காதீங்க, கியர் ஆயில் குறைஞ்சா டேஷ்போர்டுல எந்த லைட்டும் எரியாது. கசியிற எண்ணெய் பிரேக் டிஸ்க் கிட்ட தெறிக்குதான்னும் பாத்துக்குங்க, தெறிச்சா வண்டிய வீட்லயே விட்டுட்டு கும்மிடிப்பூண்டி லோக்கல் ட்ரெயின்ல போங்க, பொன்னேரில நிக்கும்.